தாடைக்குக் கீழே தொங்கும் சந்தேகம்

கத்தி வைக்காமல் முகத்தோலை இறுக்கித் தருகிற தொழில் எங்களுடையது. வருகிறவர்கள் எல்லோரும் ஆசையை ஒரு கையிலும் சந்தேகத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார்கள். நகைக்கடையிலும் இன்ஷூரன்ஸ் ஆபீசிலும் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவரின் நம்பாத பார்வையை வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களே, நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் எந்த வார்டு?

செம்பூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்கின் கிளினிக். அங்கே என் பதவிக்குப் பெயர் கவுன்சிலர். வருகிறவரை உட்காரவைத்து, என்னென்ன சிகிச்சை இருக்கிறது, எதில் என்ன லாபம், எதில் என்ன தொந்தரவு என்று ஒப்பிட்டுச் சொல்வது என் வேலை. முடிவு சொல்வது டாக்டர் வசந்தா. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். அவர் பேசாததையும் சேர்த்துப் பேசுவதற்குத்தான் தமிழ், ஹிந்தி, மராட்டி மூன்றும் தெரிந்த என்னை வைத்திருந்தார்கள்.

வேலை கிடைத்த அன்று தாராவியில் எங்கள் சால் குடியிருப்பில் செய்தி பரவிவிட்டது: மும்தாஜ் கவுன்சிலராகிவிட்டாள். மறுநாள் காலை பக்கத்து வீட்டு இசக்கியம்மா அக்கா வந்து, குழாயில் தண்ணீர் வராத கதையை முழுக்கச் சொல்லி, ஆபீசரிடம் பேசச் சொன்னார். நான் அந்தக் கவுன்சிலர் இல்லை, முகத்துக்குக் கவுன்சிலர் என்று விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"அப்பம் கொழாய்த் தண்ணிக்கு ஒன்னால ஒரு பிரயோசனமும் இல்லங்கே. அதுக்கு எதுக்குட்டி கவுன்சிலர்னு பேரு?"

என் முகத்தில் என்ன இருக்கிறது

அல்ட்ராசவுண்ட் என்கிற ஒலி அலையை வைத்துத் தோலை இறுக்குகிற மெஷின்களில் முக்கியமாக மூன்று ரகம். ஒன்று, தோலுக்கு அடியில் இருக்கிற அடுக்குகளைத் திரையில் காட்டும். பார்த்துக்கொண்டே சரியான ஆழத்துக்குச் சூட்டை அனுப்பலாம். வலிக்கும், விலையும் அதிகம். இரண்டாவது, அதே வேலையைத் திரை இல்லாமல் செய்வது. விலை குறைவு, செய்கிற கையைப் பொறுத்தது. மூன்றாவது, மேல்தோலுக்குச் சற்றுக் கீழே மட்டும் சூடேற்றுவது. மெல்லிய கோடுகளுக்கு நல்லது, தொங்குகிற தாடைக்குப் போதாது. எதைச் செய்தாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வருடம் போல நிற்கும். பிறகு வயது தன் வேலையை மறுபடி தொடங்கும்.

எங்களிடம் இருந்தது முதல் ரகம். மற்ற இரண்டையும் பற்றி நான் நேர்மையாகச் சொல்லச் சொல்ல, எதிரில் இருப்பவர் காதைக் கொடுக்காமல் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வக்கீலம்மா எழுந்து வந்து, ஜன்னல் பக்கம் என் முகத்தைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். நீ செய்துகொண்டாயா என்று கேட்டார். இல்லை, என் வயதுக்கு இன்னும் தேவைப்படவில்லை என்றேன். அவர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நல்ல மெஷினா இருந்தா முதல்ல நீ செஞ்சிருப்ப. செய்யல. அப்போ உனக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

விக்ரோலி மாமியார்

சிகிச்சைக்கு முதல் நாள் எல்லோருக்கும் போனில் ஒரு நினைவூட்டல் போகும்: நாளை காலை உங்கள் அல்ட்ராசவுண்ட். விக்ரோலியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் போனில் அந்தச் செய்தியை அவளுடைய மாமியார் பார்த்துவிட்டார். மருமகள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, தனியாக செம்பூர் வரை போகிறாள், அதுவும் அல்ட்ராசவுண்டுக்கு. அவர் மனதில் ஓடிய கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மருமகள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு வாங்க மேலே வந்தார். குழந்தையை மறைக்கிறார்களா, கலைக்கிறார்களா என்று என்னைத்தான் விசாரித்தார். கண்ணில் கோபமும் இருந்தது, ஒரு சந்தோஷமும் இருந்தது. நான் எவ்வளவு சொல்லியும் நம்பாததால், மருமகளிடம் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்து காட்டினேன். முகம் முழுக்க ஜெல்லோடு அந்தப் பெண் படுத்திருந்தாள். மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். திட்டக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

"மூஞ்சியிலதானா? வயித்துல ஒண்ணும் இல்லியா?"

மைதிலி மாமி நடத்திய ஆய்வு

மைதிலி மாமி மாட்டுங்காக்காரர். பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் வருவதற்கு முன்பே தாதரிலும் வேறு இடங்களிலும் பல கிளினிக்குகளில் ஏறி இறங்கியிருந்தார். நான் காட்டிய முன்-பின் படங்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். முந்தைய படத்தில் வெளிச்சம் மேலிருந்து விழுகிறது, பிந்தைய படத்தில் முன்னாலிருந்து. அதோடு தாடையும் ஒரு விரல் அளவு தூக்கியிருக்கிறது என்றார். நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அந்தப் படங்கள் மெஷின் கம்பெனி கொடுத்தவை. அன்றிலிருந்து சுவரில் தலை சாய்த்து, ஒரே விளக்கின் கீழ்தான் எங்கள் கிளினிக்கில் படம் எடுக்கிறோம்.

பிறகு டாக்டர் வசந்தா மாமியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தோல் நிறையத் தளர்ந்துவிட்டது, ஒலி அலையால் பெரிதாக ஒன்றும் ஆகாது, வீண் செலவு செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். படியிறங்கும்போது என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"எல்லாரும் பண்ணிக்கோ பண்ணிக்கோன்னா. இவ மட்டும் வேண்டாங்கறா. இதுலதான் என்னமோ சூது இருக்கு."

பாதி முகம்

சாகுல் பாய் தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறவர். மேலப்பாளையத்துக்காரர். மகள் நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி தன்னைவிட மூத்தவராக இருந்தும் இளமையாகத் தெரிகிறார் என்பது அவருக்கு ஒரு குறையாகவே போய்விட்டது. வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று சொல்லிக்கொண்டு வந்தார். வாழ்நாள் முழுக்கத் தோலை இழுத்துப் பார்த்தே விலை பேசியவர். மூன்று ரகத்தையும் நான் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: முகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்ய வேண்டும். பலன் தெரிந்தால்தான் மறு பக்கம்.

டாக்டர் வசந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் ஒன்றுபோல இருக்காதே என்று எடுத்துச் சொன்னார். பாய் அசையவில்லை. சரி, நிக்காஹுக்கு இன்னும் காலம் இருக்கிறதே என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். மெஷினை இயக்குவது ஷீத்தல். டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வருகிறவள், கை மட்டும் நடுங்காது. தாடை எலும்பின் மேல் சூடு இறங்கும்போது பாய் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். எழுந்ததும் கண்ணாடியில் இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலதான் இருக்கு. பலன் பொறவு தெரியும்னு சொல்லுதிய. வலி மட்டும் எப்படி உடனே தெரியுது?"

ஆமினா லாத்தா

இரண்டு மாதம் கழித்து ஒரு அம்மா கறுப்பு புர்காவில் வந்து, இங்கே சாகுல் என்று ஒருவர் வருகிறாரா என்று கேட்டார். வருகிறவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது. அவர்தான் பாயின் மனைவி ஆமினா. எங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர் என்று தெரிந்ததும், அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிட்டேன். கொஞ்சம் இறங்கி வந்தார். வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகவே கண்ணாடி பார்க்கிறாராம். சென்ட் போட ஆரம்பித்திருக்கிறாராம். செம்பூரில் சரக்கு எடுக்கிற இடமே இல்லை, ஆனால் செம்பூர் போகிறாராம். வேறு வீடு ஏதும் வைத்திருக்கிறாரோ என்று நினைத்துப் பின்தொடர்ந்து வந்து, ஆள் இந்தப் படியேறியதைப் பார்த்திருக்கிறார்.

பாய் அப்போது உள்ளே டாக்டரிடம் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து மனைவியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் அவரே எல்லாவற்றையும் சொன்னார். லாத்தா எழுந்து போய், அவர் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு பக்கம் தாடைக்கோடு கொஞ்சம் எடுப்பாகத்தான் இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல படுக்கையில எனக்குக் காட்டுதது இந்தத் தொங்குத பக்கம். சரி பண்ணுன பக்கத்த யாருக்குக் காட்டதுக்கு வச்சிருக்காரு?"

வலிக்காத மெஷின்

அந்தச் சமயத்தில் எங்கள் கிளினிக்குக்கு இரண்டாவது மெஷின் வந்தது. கிளினிக்கில் பணம் போட்டவர் ஒருவர் இருந்தார். நாங்கள் பார்ட்னர் சார் என்போம். அவரே எங்கேயோ பேசி வாங்கி வந்தார். திரை இல்லாத ரகம். பழைய மெஷினின் கட்டணத்தில் பாதிக்குச் செய்யலாம், துளி வலி கிடையாது என்றார். வலி இருந்தால்தான் பலன் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஷீத்தல் தன் முன்கையில் வைத்து அழுத்திப் பார்த்தபோது ஜெல்லின் குளிர்ச்சியைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை என்றாள். நானும் கையை நீட்டினேன். எனக்கும் அப்படித்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று ஊசி குத்தியது போல இருந்தது. அது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் வசந்தா மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். வெளிக்கூட்டில் அச்சிட்டிருந்த கம்பெனிப் பெயரில் எழுத்துப் பிழை இருப்பதைக் காட்டினார். தான் சோதித்துப் பார்க்கிற வரை யார் முகத்திலும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வலியே தெரியவில்லையே சார், உள்ளே ஏதாவது போகிறதா என்று நான் பார்ட்னர் சாரைக் கேட்டேன். அவர் ஹிந்தியில், என் மேல் பரிதாபப்படுவது போலச் சொன்னார்.

"வலிச்சா பேஷண்ட் சண்டைக்கு வர்றாங்க. வலிக்கலைன்னா நீ சண்டைக்கு வர்ற. நான் எங்கேதான் போறது?"

கோணல் சிரிப்பு

புருஷனுக்குச் செய்தது தனக்கும் வேண்டும் என்று ஆமினா லாத்தா வந்தார். டாக்டர் அவருக்குப் பழைய மெஷினையே சொல்லியிருந்தார். ஆனால் லாத்தா வந்த அன்று டாக்டர் வெளியே போயிருந்தார். பார்ட்னர் சார் இருந்தார். வலியைப் பற்றிப் பாய் வீட்டில் பயமுறுத்தி வைத்திருந்ததால், வலிக்காத மெஷின் ஒன்று இருக்கிறது என்று சார் சொன்னதும் லாத்தா அதையே பிடித்துக்கொண்டார். டாக்டர் வரட்டும் லாத்தா, அந்த மெஷினை அவங்க இன்னும் சோதிக்கவில்லை என்று பார்ட்னர் சாரின் முன்னாலேயே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, இந்தப் பெண்ணுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம் என்றார். லாத்தாவும் சிரித்தார். டாக்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஷீத்தல் முடியாது என்று சொல்லிப் பார்த்தாள். உன்னால் முடியாவிட்டால் முடிகிற ஆளை நாளைக்கே கொண்டுவருவேன் என்றார் பார்ட்னர் சார். ஷீத்தல் மெஷினைக் கையில் எடுத்தாள்.

முதலில் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. லாத்தா படுத்தபடியே நிக்காஹ் பிரியாணிக்கு யாரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். இடது தாடைக்குப் போனபோது திடீரென்று கத்தி என் கையை இறுக்கிப் பிடித்தார். ஷீத்தல் உடனே நிறுத்திவிட்டாள். தோலில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. மறுநாள் காலை லாத்தா திரும்பி வந்தார். டீ குடித்தால் ஓரத்தில் வழிகிறது என்றார். சிரிக்கச் சொன்னேன். வலது பக்கம் கீழுதடு இறங்கிப் பல் தெரிந்தது, இடது பக்கம் அசையவில்லை. இன்னொரு முறை சிரிக்கச் சொன்னேன், அப்படியேதான். நிக்காஹுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அவர் புர்கா நுனியால் வாயை மூடிக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"மும்தாஜு, எம்மவ நிக்காஹுல நான் எப்பிடிம்மா சிரிப்பேன்?"

பிளாஸ்டிக் கட்டி

வீட்டில் ஏதோ பொடி போட்டுத் தேய்த்ததால் இப்படி ஆனது என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடு என்றார் பார்ட்னர் சார். நான் மாட்டேன் என்றேன். வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருக்கிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆனாலும் அந்தப் பொய்யை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டாக்டர் வசந்தா வந்ததும் நானும் ஷீத்தலும் எல்லாவற்றையும் சொன்னோம். அப்போதுதான் ஷீத்தல் இன்னொன்றையும் சொன்னாள். மெஷினின் முகத்தில் படுகிற முனை, பிரிண்டர் மைப்பெட்டி போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்ட வேண்டும். வாங்கி வந்த அன்று மெஷினில் மிச்சத்தைக் காட்டுகிற எண்பலகையில் கிட்டத்தட்டத் தீர்ந்த நிலையைக் காட்டிய முனை, லாத்தா வந்த காலையில் முழுசாக இருப்பதாகக் காட்டியிருக்கிறது. புது முனை டப்பா எதுவும் பிரிக்கப்படவில்லை; பழைய முனையின் கணக்கை மட்டும் யாரோ திருத்தியிருந்தார்கள்.

டாக்டர் முதலில் லாத்தாவைப் பார்த்தார். உதட்டை இழுக்கிற நரம்பு சூட்டில் அயர்ந்துபோயிருக்கிறது, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் நிச்சயமாக இந்த நாள் என்று சொல்ல முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். மருந்து எழுதிக் கொடுத்தார். பிறகு கண்ணாடி போலத் தெளிவான ஒரு பிளாஸ்டிக் கட்டியை எடுத்துவந்தார். சரியான மெஷினை அதன் மேல் வைத்து அழுத்தினால், உள்ளே ஒரே ஆழத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக விழும். பழைய மெஷினை வைத்தார். தையல் போட்டது போல விழுந்தது. புதிய மெஷினை வைத்தார். வரிசை நெடுக ஒன்றுமே இல்லை, ஓரிடத்தில் மட்டும் பல புள்ளிகள் ஒன்றாகக் குழைந்து மொத்தையாக, அதுவும் மேலாக விழுந்திருந்தது. பார்ட்னர் சார் வாங்கிய இடத்தைத் திட்டினார், கரண்டைத் திட்டினார். டாக்டர் அந்தக் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"இந்த மெஷினை இன்னொரு தடவை பிளக்கில் சொருகினா, நான் இதை எடுத்துண்டு எங்கே போகணுமோ அங்கே போவேன்."

கேமரா

மெஷின் போய்விட்டது. திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அதை நாங்கள் நம்பவில்லை. கொஞ்ச நாளில் வேறு ஏதோ ஊரில் ஒரு பியூட்டி பார்லர் விளம்பரம் ஷீத்தலின் போனில் வந்தது. வலியே இல்லாத சிகிச்சை என்று போட்டு, பின்னால் அதே நிறத்தில் ஒரு மெஷின் நின்றது. அதேதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நாங்கள் இருவரும் படத்தைப் பெரிதாக்கி வெளிக்கூட்டின் எழுத்துப் பிழையைத் தேடினோம். அந்த இடத்தில் ஒரு பூச்சாடி மறைத்துக்கொண்டிருந்தது.

என் வேலை போகவில்லை. என்னை அனுப்பினால் தானும் போய்விடுவதாக டாக்டர் சொல்லிவிட்டதால் பார்ட்னர் சாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் என் மேஜைக்கு நேர் மேலே புதிதாக ஒரு கேமரா முளைத்திருந்தது. வருகிறவர்களிடம் நான் என்ன பேசுகிறேன் என்று கேட்பதற்காம். ஷீத்தல் டப்பாவைத் திறந்து எனக்கு அவல் போஹா எடுத்துவைத்துக்கொண்டே மேலே பார்த்தாள்.

"மெஷினுக்கு வைக்க வேண்டிய கேமராவை உனக்கு வச்சிருக்கான் பாரு."

நிக்காஹ்

அந்த வாரங்களில் நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஆமினா லாத்தாவைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். தினமும் ஒரு முறை எனக்காகச் சிரித்துக் காட்டுவார். நான் உற்றுப் பார்ப்பேன். சில நாள் நேற்றைவிடத் தேவலை என்று தோன்றும், சில நாள் நான்தான் ஆசைப்பட்டு அப்படிப் பார்க்கிறேனோ என்று தோன்றும். பாய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். என்மேல் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் முகத்தின் மறு பக்கத்தைச் செய்துகொள்ளவும் அவர் பிறகு வரவில்லை. இவ முகம் சரியாகட்டும் என்று மட்டும் சொன்னார். ஒரு சாயங்காலம் லாத்தா டீக்கோப்பையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, விரலால் உதட்டோரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை. மறுபடி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பாய் எழுந்து போய் எனக்கும் ஒரு டீ ஊற்றிக்கொண்டுவந்தார்.

நிக்காஹ் அன்று சயானில் ஒரு ஹாலில் பெண்கள் பக்கம் போட்டோ எடுக்கிற பெண் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தாள். லாத்தா முதலில் மருதாணிக் கையால் வாயை மறைத்துக்கொண்டார். நான் தலையசைத்ததும் கையை எடுத்துவிட்டு மகள் பக்கத்தில் நின்று நன்றாகவே சிரித்தார். கீழுதடு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இறங்கியது. எனக்குக் கண் கலங்கியது. படம் எடுத்து முடிந்ததும் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, எதிரே நின்ற சம்பந்தி வீட்டாரைக் கண்ணால் காட்டினார்.

"எனக்கு சிரிப்பு திரும்பிட்டு புள்ள. ஆனா இப்பம் யாரு என்னையப் பாத்துச் சிரிச்சாலும் ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னுல்லா பாக்குதேன்."

இத்தனை மெஷின்களையும் முகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது, வலிக்குமா என்று கேட்கிறவரைத் தாராளமாக நம்பலாம், வலிக்கவே வலிக்காது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர் வந்தால் மட்டும் விளக்கைப் போட்டு ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான்.